முதல் மறுவிற்பனை வீடு: புதுப்பிப்புச் செலவு கைமீறாமல் குடியேறுவது எப்படி?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, சில ஆண்டுகள் வாடகை அறையில் காலம் தள்ளி, நிரந்தரவாசத் தகுதி கிடைத்து, முதல்முறையாக ஒரு மறுவிற்பனை வீடு வாங்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வீடு வாங்கும்வரை வழிகாட்ட ஆள் உண்டு. முகவர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், வங்கி அதிகாரி இருக்கிறார், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இணைய வாசல் இருக்கிறது. சாவி வாங்கிய பிறகு, அந்த வீட்டைக் குடியிருக்கும்படி ஆக்கும் இரண்டு மூன்று மாதங்களில்தான் கேட்க ஆளில்லாமல் திண்டாடுகிறோம். சேமிப்பு கரைவதும் அப்போதுதான்.

நானும் என் கணவரும் ஈசூனில் வாங்கியது முப்பது வயதைத் தாண்டிய நாலறை வீடு. அந்த வேலை முடியும்வரை பட்ட பாட்டிலிருந்து நான் உறுதியாகச் சொல்வது ஒன்று: செலவு ஏறுவது டைல்ஸ் கடையில் இல்லை, ஒப்பந்தத்தாளில்தான். அதில் எழுதாமல் விட்ட ஒவ்வொரு வேலையும் பிறகு தனிக் கட்டணமாக வந்து நிற்கும். அதனால் கீழே உள்ள படிகளில் பாதி, சுத்தியல் சுவரில் படுவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை.

1. கையில் மிஞ்சும் ரொக்கம் எவ்வளவு என்று பாருங்கள்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மத்திய சேம நிதியில் எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து ஒரு காசுகூடப் புதுப்பிப்புப் பணிக்கு எடுக்க முடியாது. வீடு வாங்கலாம், வீட்டுக் கடனை அடைக்கலாம், அவ்வளவுதான். டைல்ஸுக்கும் தச்சு வேலைக்கும் ரொக்கம்தான் வேண்டும்.

அந்த ரொக்கம் வீடு வாங்கும்போதே எப்படிக் குறைகிறது என்பதையும் பாருங்கள். வங்கிக் கடன் அதிகபட்சம் 75 விழுக்காடு. மீதி 25-இல், வீட்டு விலையின் 5 விழுக்காட்டையாவது ரொக்கமாகவே கட்ட வேண்டும். மதிப்பீட்டைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கினால் அந்த வித்தியாசம் முழுக்க ரொக்கம். வாங்குவோர் முத்திரை வரி உண்டு. நிரந்தரவாசிகளுக்கு முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரியும் உண்டு. கணவன், மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால் வீவகவின் சலுகைக் கடனும் கிடையாது. இதையெல்லாம் கழித்து, வழக்கறிஞர் கட்டணத்தையும் முகவர் கட்டணத்தையும் கழித்து, ஆறு மாத வீட்டுச் செலவையும் ஒதுக்கிவைத்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் புதுப்பிப்புத் தொகை.

போதவில்லை என்றால் வங்கிகள் புதுப்பிப்புக் கடன் தருகின்றன. உங்கள் மாத வருமானத்தைப் போல் ஆறு மடங்கு அல்லது 30,000 வெள்ளி, இவற்றில் எது குறைவோ அதுவரைதான். ஐந்து ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். கான்ட்ராக்டரின் விலைப்பட்டியலைக் காட்டித்தான் விண்ணப்பிக்க முடியும். பணம் பொதுவாக உங்கள் கைக்கு வராமல் கான்ட்ராக்டர் பெயருக்கே போகும். சோபா, கட்டில், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றுக்கு இந்தக் கடன் செல்லாது. தனிநபர் கடனைவிட வட்டி குறைவு என்பதால், கடன் எடுத்தே ஆகவேண்டும் என்றால் இதை முதலில் பாருங்கள். கடனட்டைத் தவணையில் மட்டும் புதுப்பிப்புப் பணியைச் செய்யாதீர்கள்.

பழைய நாலறை வீட்டை முழுக்கப் பெயர்த்து மாற்றினால் 50,000 முதல் 80,000 வெள்ளிவரை கேட்பது இப்போது சாதாரணம். உங்களிடம் 60,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்டரிடம் 50,000 என்றே சொல்லுங்கள். பழைய வீட்டில் தரையைப் பெயர்த்த பிறகுதான் தெரியவரும் பிரச்சினைகள் நிச்சயம் இருக்கும். அந்தப் பத்தாயிரம் அதற்கு.

2. வீட்டின் வயதைப் பார்த்து வேலையை முடிவு செய்யுங்கள்

விற்பவரின் அனுமதியோடு ஒருமுறையாவது பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். சுவர் வண்ணத்தைப் பார்க்க வேண்டாம். குளியலறைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். பழுப்பு வட்டமாகக் கறை இருந்தாலோ, சிமென்ட் உப்பி உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ அதைப் படம் எடுத்து வையுங்கள். மேல்வீட்டுத் தரையிலிருந்து நீர் கசிந்தால் அதை நீங்கள் தனியாகச் சரிசெய்ய முடியாது. மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு அது. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் வீவக பாதிச் செலவை ஏற்கும். மீதிப் பாதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். இந்த வேலை முடிந்த பிறகே உங்கள் குளியலறைக் கூரையைத் தொட வேண்டும். முந்திக்கொண்டு பொய்க்கூரை போட்டு மறைத்தால் இரட்டைச் செலவு.

அடுத்து மின்பெட்டி. 1985-க்கு முன் கட்டிய சில வீடுகளில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்திருக்காது. 2025 ஜூலை 1-க்குள் எல்லா வீடுகளிலும் அதைப் பொருத்தியாக வேண்டும் என்று எரிசக்தி சந்தை ஆணையம் விதித்திருந்தது. வாங்கும் வீட்டில் அது இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முதன்மைச் சுவிட்ச் எத்தனை ஆம்ப் என்பதையும் பாருங்கள். பழைய வீடுகளில் 30 ஆம்ப் இருக்கும். மூன்று படுக்கையறைக்கும் குளிரூட்டி, மின் அடுப்பு, நீர்ச்சூடேற்றி என்று திட்டமிடுகிறவர்கள் மின்திறனைக் கூட்ட வேண்டிவரலாம். அதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளரும் வீவக அனுமதியும் தேவை. இது விலைப்பட்டியலில் முதலிலேயே இருக்க வேண்டிய வரி.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பழைய வீவக வீடுகளின் உட்புறத்தை அரசாங்க உதவியோடு சீரமைக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் உங்கள் புளோக்குக்கு வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று நகர மன்றத்திலோ வீவகவிலோ கேளுங்கள். 1997 வரை கட்டிய வீடுகள் அதற்குத் தகுதி பெறுகின்றன. புளோக்கில் தகுதிபெற்ற சிங்கப்பூர்க் குடிமக்கள் குடும்பங்களில் 75 விழுக்காடு ஆதரித்து வாக்களித்தால் திட்டம் நடக்கும். அதில் கழிவறையைப் புதிதாக்குவது, வாசல் கதவு, இரும்புக் கதவு போன்ற விருப்பத்தேர்வு வேலைகளுக்குக் குடிமக்கள் வீட்டு வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடுதான் கட்டுவார்கள். நிரந்தரவாசிகள் தங்களுக்கு எவ்வளவு என்று வீவகவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு திட்டம் வரவிருக்கும் புளோக்கில் இந்த ஆண்டு கழிவறைக்குப் பல ஆயிரம் கொட்டுவதில் பொருளில்லை.

வீட்டின் தரைப்படத்தைச் சில வெள்ளிக்கு வீவக இணையத்தில் வாங்கலாம். எந்தச் சுவர் தாங்குசுவர் என்று அதில் தெரியும். தாங்குசுவரை இடிக்க முடியாது, தூணை, உத்தரத்தைத் தொட முடியாது. ஓரளவு புதிய வீடு வாங்குகிறவர்கள், வீட்டுக்குள் இருக்கும் காப்பறையின் (நெருக்கடிக் காலப் பாதுகாப்பு அறை) சுவரையோ இரும்புக் கதவையோ மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். "அதெல்லாம் எடுத்துவிடலாம்" என்று வாயால் சொல்லும் ஆளை அங்கேயே கழித்துவிடுங்கள்.

3. தரைக்கும் சுவருக்கும் உள்ளே போவதை முதலில் செய்யுங்கள்

பணம் போதாதபோது எதை வெட்டுவது என்பதில்தான் குடும்பத்துக்குள் சண்டை வரும். நான் பின்பற்றச் சொல்லும் வரிசை இது. குடியேறிய பிறகு செய்யவே முடியாத வேலைக்கு முதல் பணம். குளியலறை, சமையலறைத் தரையின் நீர்க்காப்பு, குழாய், மின்கம்பி, சன்னல் இவையெல்லாம் அதில் வரும். பொருள்களோடு குடியிருக்கும் வீட்டில் தரையைப் பெயர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்னொரு முறை செய்யமாட்டார்கள்.

தச்சு வேலையில் சமையலறை அலமாரி மட்டும் அவசியம். படுக்கையறை உடையலமாரி, தொலைக்காட்சிச் சுவர், காலணி அலமாரி, வாசலருகே அழகுப் பலகை எதுவும் அவசரமில்லை. ஒரு வருடம் கடையில் வாங்கிய அலமாரியோடு இருந்து பாருங்கள். எந்த மூலையில் என்ன சேர்கிறது என்று தெரிந்த பிறகு செய்வது பாதி அளவில் முடியும். பொய்க்கூரையை நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஏற்கெனவே தாழ்வான கூரை அது, மின்விசிறி போட வேண்டும் நமக்கு.

பழைய டைல்ஸ் நன்றாக ஒட்டியிருந்தால், பெயர்க்காமல் அதன்மேலேயே வினைல் பலகை போடுவது மிச்சம். இடிபாடு இல்லை, சத்தம் இல்லை, சில நாளில் முடியும். ஆனால் தரைப் பூச்சும் அதன் கீழ்ச் சாந்தும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முன்னால் இருந்தவர் ஏற்கெனவே ஒன்றின்மேல் ஒன்று போட்டிருந்தால் பெயர்த்தே ஆகவேண்டும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் டைல்ஸ் கழன்றிருக்கிறது.

4. கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று சோதனைகள்

தேக்காவில் தெரிந்தவருக்குத் தெரிந்தவர், தமிழ் பேசுவார், கொஞ்சம் குறைத்துத் தருவார் என்று ஒருவர் நிச்சயம் அறிமுகமாவார். நல்லவராகவே இருக்கட்டும். இந்த மூன்றிலும் தேறுகிறாரா என்று பாருங்கள்.

ஒன்று, வீவகவின் புதுப்பிப்புக் கான்ட்ராக்டர் பட்டியலில் அவர் நிறுவனம் இருக்க வேண்டும். அனுமதி தேவைப்படும் வேலைகளுக்கு அந்தப் பட்டியலில் உள்ளவர்தான் விண்ணப்பிக்க முடியும். "என் நண்பர் உரிமத்தில் போட்டுக்கொள்ளலாம்" என்றால், நாளைக்குத் தகராறு வந்தால் நீங்கள் யார்மீது புகார் கொடுப்பீர்கள்? அனுமதியில்லாமல் செய்த வேலைக்கு வீட்டு உரிமையாளருக்கு 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். பழைய நிலைக்குத் திருப்பும் செலவு தனி. சன்னலுக்குக் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த சன்னல் கான்ட்ராக்டர் தனியாக வேண்டும். குழாய், எரிவாயு வேலைகளையும் உரிமம் பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

இரண்டு, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அது இயங்கும் நிலையில் இருக்கிறதா, எந்த ஆண்டு பதிவானது என்று பாருங்கள். 5.50 வெள்ளி கட்டினால் உரிமையாளர்கள் யார் என்ற விவரமும் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் பெயர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர், பதிவான நிறுவனத்தின் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தனிநபரின் பேநவ் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மூன்று, பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ளதா என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனம், வாடிக்கையாளர் கட்டிய முன்பணத்துக்குப் பிணைப் பத்திரம் எடுக்க வேண்டும். நிறுவனம் பாதியில் மூடப்பட்டால் உங்கள் முன்பணத்துக்கு அது காப்பு. இப்படிப்பட்ட நிறுவனங்கள் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். அது கொடுக்கத்தக்க கூடுதல். பிணைப் பத்திரம் உங்கள் பெயரில் வந்த பிறகே முன்பணத்தை மாற்றுங்கள்.

5. விலைப்பட்டியலை வரிவரியாகப் பிரித்து வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

எங்களுக்கு வந்த ஒரு பட்டியலில் ஒரு வரி இப்படி இருந்தது: "சமையலறைத் தரை டைல்ஸ் மாற்றுதல், ஒரு லாட், 2,800 வெள்ளி." லாட் என்றால் மொத்தத்துக்கும் ஒரே விலை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். பழைய டைல்ஸைப் பெயர்ப்பது உண்டா? பெயர்த்த இடிபாட்டை மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவது உண்டா? தரையைச் சமன்படுத்தும் சாந்து உண்டா? நீர்க்காப்புப் பூச்சு எத்தனை தடவை? டைல்ஸ் யார் வாங்குவது, அவர் என்றால் சதுர அடிக்கு எத்தனை வெள்ளிவரை? சுவரோரப் பட்டை உண்டா? அலமாரிக்கு அடியில் வரும் மேடை யார் கட்டுவது? இந்தக் கேள்விகளை எழுதி அனுப்பியதும் அதே வரி ஆறு வரிகளாகப் பிரிந்து, தொகையும் 4,000-ஐத் தாண்டித் திரும்பி வந்தது. முதலில் விலை அதிகமாகத் தெரிந்த வேறொருவரின் பட்டியலில் இவை எல்லாம் ஏற்கெனவே அடங்கியிருந்தன.

பட்டியல் கேட்கும்போது எல்லோரிடமும் ஒரே வேலைக் குறிப்பைக் கொடுங்கள். அறை அறையாக, நீங்களே ஒரு தாளில் எழுதியது. அப்போதுதான் ஒப்பிட முடியும். ஆளுக்கொரு வடிவத்தில் அவர்கள் விருப்பப்படி எழுதித் தந்தால், மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறுவோம்.

தச்சு வேலை அடி நீளக் கணக்கில் வரும், இங்கே ஃபுட் ரன் என்பார்கள். மேலலமாரி ஒரு கணக்கு, கீழலமாரி ஒரு கணக்கு. பத்தடிச் சமையலறை என்றால் இருபது அடிக்கு விலை. அந்த விலையில் இழுப்பறை எத்தனை அடக்கம், கீல் மெதுவாக மூடும் வகையா, உள்பக்கமும் லேமினேட்டா, மேடைக்கல் சேர்த்தா தனியா என்று கேளுங்கள். மேடைக்கல் பெரும்பாலும் தனிதான். பாத்திரத் தொட்டி, குழாய், நீர்ச்சூடேற்றி, விளக்கு, மின்விசிறி ஆகியவற்றை நீங்களே வாங்கிக்கொடுக்கலாம். அப்போது பொருத்துகூலி எவ்வளவு என்பது பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு மின்விசிறி மாட்ட இவ்வளவு, ஒரு விளக்கு மாட்ட இவ்வளவு என்று எண்ணிக் கூட்டினால் அது சிறிய தொகையாக இராது.

மின்வேலையில், ஒரு முனைக்கு (பாயின்ட்) என்ன விலை என்பதோடு, கம்பி சுவருக்குள் போகிறதா, வெளியே பிளாஸ்டிக் குழாயில் ஓடுகிறதா என்று எழுதச் சொல்லுங்கள். சுவருக்குள் என்றால் விலை கூடும். வண்ணத்தில், பழைய பூச்சைச் சுரண்டி, அடிப்பூச்சு அடித்து, எத்தனை மேற்பூச்சு என்று வேண்டும். வேலை முடிந்த பிறகு இரசாயனக் கழுவல், மின்தூக்கியிலும் பொதுப் பாதையிலும் பாதுகாப்பு அட்டை, இடிபாட்டு லாரி, இந்த மூன்றும் பலர் விட்டுவிடும் வரிகள்.

கடைசியாக ஜிஎஸ்டி. ஆண்டு வருமானம் பத்து இலட்சம் வெள்ளியைத் தாண்டிய நிறுவனம் பதிந்திருக்க வேண்டும், அது 9 விழுக்காடு வசூலிக்கும். 50,000-க்கு 4,500 வெள்ளி. மொத்தத் தொகைக்குக் கீழே சின்ன எழுத்தில் "ஜிஎஸ்டி நீங்கலாக" என்று இருக்கிறதா என்று பாருங்கள். பதியாத நிறுவனம் ஜிஎஸ்டி என்று சொல்லி வசூலிக்க முடியாது. பதிவு எண் கேளுங்கள்.

வேலை நடக்கும்போது ஏதாவது கூட்டினால் அதற்கு விலை எழுதி, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். வாட்ஸ்அப்பில் விலையோடு ஒரு செய்தி, அதற்கு உங்கள் "சரி", இதுவே போதும். வீட்டுக்குப் போய் நின்றுகொண்டு "இங்கே ஒரு பிளக் பாயின்ட் போட்டுடுங்கண்ணே" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் கணக்கு ஓடுகிறது.

6. பணத்தை வேலைக்குப் பின்னால் அனுப்புங்கள்

கையெழுத்திடும்போது 10 விழுக்காடு, இடிப்பு தொடங்கும்போது ஒரு பகுதி, டைல்ஸ், குழாய், மின்வேலை முடிந்ததும் ஒரு பகுதி, அலமாரி வந்து பொருத்தியதும் ஒரு பகுதி, குறைகள் எல்லாம் சரிசெய்த பிறகு கடைசி 5 முதல் 10 விழுக்காடு. இந்த வரிசைக்கு நெருக்கமாக எது இருந்தாலும் ஏற்கலாம். தொடக்கத்திலேயே பாதியைக் கேட்கிறவரிடம் பேரம் பேசுங்கள், மசியவில்லை என்றால் விலகுங்கள். தவணையைத் தேதியோடு கட்டாமல், முடிந்த வேலையோடு கட்டுங்கள். "மூன்றாவது வாரம் 40 விழுக்காடு" என்று எழுதினால், மூன்றாவது வாரத்தில் ஒரு டைல்ஸ்கூட ஒட்டாமலேயே பணம் கேட்க அவருக்கு உரிமை வந்துவிடும்.

இடையில் "இன்றைக்குப் பணம் போட்டால் அலமாரிக்கு இப்போதே ஆர்டர் கொடுத்துவிடலாம், விலை ஏறப்போகிறது" என்று அழைப்பு வரும். ஒப்பந்தத்தில் உள்ள கட்டம் வரட்டும் என்று தன்மையாகச் சொல்லிவிடுங்கள்.

7. அனுமதி, நேரம், அண்டைவீடு

சுவர் இடிப்பு, தரை டைல்ஸ் மாற்றம், குளியலறை வேலை, சில வகைச் சன்னல் ஆகியவற்றுக்கு வீவக அனுமதி தேவை. வண்ணம் பூசுவதற்கும் சமையலறை அலமாரி பொருத்துவதற்கும் தேவையில்லை. வீடு உங்கள் பெயருக்கு மாறிய பிறகே விண்ணப்பம். பழைய புளோக்கில் அனுமதி பெற்ற வேலையை முடிக்கப் பொதுவாக ஒரு மாத அவகாசம்தான், புதிய வீட்டுக்கு மூன்று மாதம். அதனால் டைல்ஸையும் தொட்டியையும் அனுமதி வருவதற்கு முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருங்கள்.

பொது வேலை திங்கள் முதல் சனிவரை காலை 9 முதல் மாலை 6 மணிவரை. இடிப்பது, டைல்ஸ் அறுப்பது போன்ற சத்தமான வேலை வார நாள்களில் மட்டும், 9 முதல் 5 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் எதுவும் கூடாது. வேலை தொடங்க ஐந்து நாளுக்கு முன் கான்ட்ராக்டர் பக்கத்து வீடுகளுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல் நீங்களும் ஒரு பிஸ்கட் டின்னோடு மேல், கீழ், இருபக்க வீடுகளில் போய் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் கீழ்வீட்டு மலாய் அம்மா, தம் குளியலறைக் கூரையில் ஈரம் தெரிந்ததும் வீவகவை அழைக்காமல் என்னை அழைத்தார். அன்றே குழாய்க் கசிவைக் கண்டுபிடித்தோம்.

குளியலறைக்கு நீர்க்காப்பு போட்ட பிறகு டைல்ஸ் ஒட்டும் முன் தரையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துப் படம் எடுங்கள், மறுநாளும் எடுங்கள். கீழ்வீட்டில் போய்க் கூரையையும் பார்த்துவிடுங்கள். "நேரமில்லை, நாளைக்கு டைல்ஸ் ஆள் வருகிறார்" என்பதை ஏற்காதீர்கள்.

8. நம் சமையலுக்கு ஏற்ற சமையலறை

வடிவமைப்பாளர்கள் காட்டும் படங்களில் வெள்ளை மேடையும் வெள்ளை இடைப்பூச்சும் இருக்கும். மஞ்சள்தூள் பட்டால் டைல்ஸ் இடுக்கில் ஏறிய கறை போகாது. இடுக்குக்கு எப்பாக்சி பூச்சு கேளுங்கள், கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் கறை ஏறாது. மேடைக்கல் சாம்பல் அல்லது அடர்நிறம்.

கிரைண்டர் எங்கே நிற்கப் போகிறது என்று அலமாரி வரையும்போதே சொல்லுங்கள். அதன் எடைக்கு மேலலமாரி ஆகாது, தினமும் தூக்கி வைக்கவும் முடியாது. மேடையில் ஓரமாக நிரந்தர இடமும், அதன் பின்னால் ஒரு பிளக் முனையும், அதன் உயரத்துக்கு மேலலமாரியின் அடிப்பலகை இடிக்காத இடைவெளியும் வேண்டும். கல்லை நிமிர்த்தி மாவு வழிக்க இன்னும் ஓரடி உயரம் தேவை என்பதை அளந்து காட்டுங்கள், தச்சருக்கு அது தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர், மிக்சி இங்குள்ள மின்னழுத்தத்தில் ஓடும். பிளக்கை மட்டும் இங்குள்ள மூன்று சதுர முள் வகைக்கு மாற்றுங்கள். தாளிப்புப் புகைக்கு உறிஞ்சும் திறன் கூடிய, வடிகட்டியைக் கழற்றிக் கழுவக்கூடிய புகைபோக்கி எடுங்கள். சாமி அலமாரியில் விளக்கேற்றும் தட்டுக்கு மேலே போதிய உயரம் விட்டு, பின்பக்கம் லேமினேட்டுக்குப் பதில் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, மின்விசிறி வாங்கும் முன், 2024-இல் தொடங்கிய பருவநிலை பற்றுச்சீட்டுகள் (மின்சாரம், தண்ணீர் சேமிக்கும் பொருள்களுக்கு அரசாங்கம் தருபவை) உங்கள் முகவரிக்கு உண்டா என்று சிங்பாஸ் வழியாகப் பாருங்கள்.

9. நாள்காட்டியும் வாடகையும்

வீவக உங்கள் மறுவிற்பனை விண்ணப்பத்தை ஏற்றதிலிருந்து சாவி கிடைக்க ஏறக்குறைய எட்டு வாரம். பட்டியல் வாங்குவது, ஒப்பிடுவது, டைல்ஸ் பார்ப்பது எல்லாம் இந்த எட்டு வாரத்துக்குள். விற்பவர் கூடுதலாகச் சில வாரம் தங்க அனுமதி கேட்டால், மூன்று மாதம்வரை அது இழுக்கலாம். அந்த மாதங்களில் உங்கள் வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து ஓடும். விலை பேசும்போதே இதைக் கணக்கில் எடுங்கள். சாவிக்குப் பிறகு வேலைக்கு இரண்டரை மாதம் வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தை மூன்று மாதம் மட்டும் நீட்டிக்க வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். சாவி வாங்கும் நாளிலேயே எஸ்பி குழுமத்தில் தண்ணீர், மின்சாரக் கணக்கைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேலையாட்கள் வந்து கைகட்டி நிற்பார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு முன் வேலை முடியும் என்று யாராவது டிசம்பரில் உறுதி சொன்னால் நம்பாதீர்கள். ஊரே அதற்குள் முடிக்கச் சொல்லும் காலம் அது. பல நிறுவனங்களின் தச்சுப் பட்டறை ஜோகூரில் இருக்கிறது. விடுமுறைக்கு மூடினால் திறக்க நாளாகும். புத்தாண்டு கழிந்து தொடங்கினால் விலையிலும் பேசலாம்.

முகூர்த்தம் குறித்துக் கிரகப்பிரவேசத்தை வேலை முடியும் நாளோடு முடிச்சுப் போடாதீர்கள். அந்தத் தேதி கான்ட்ராக்டருக்குத் தெரிந்தால், கடைசி வாரத்தில் அவர் கேட்பதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். சாவி வாங்கியதும் வருகிற நல்ல நாளில், வெறும் வீட்டில் பால் காய்ச்சிவிடுங்கள். எரிவாயு இணைப்பு வந்திருக்காது, கையடக்க அடுப்பு ஒன்று கொண்டுபோங்கள். அனுமதியும் வந்துவிட்டால் பிறகு இடிப்பு தொடங்கலாம்.

10. கடைசித் தவணைக்கு முன்

வெளிச்சமான நேரத்தில், கையில் மாஸ்கிங் டேப்போடு (எளிதில் உரியும் ஒட்டு நாடா) போங்கள். கீறல், பிளவு, ஒட்டாத மூலை எங்கே கண்டாலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறைத் தரையில் ஊற்றி, வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். எல்லா இழுப்பறையையும் இழுங்கள், எல்லா பிளக்கிலும் கைபேசியைச் செருகிப் பாருங்கள். குறைகளை எண் போட்டு எழுதி, படத்தோடு அனுப்பி, சரிசெய்யும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். நீர்க்காப்பு உத்தரவாதம், மின்பணியாளரின் சான்று, சன்னல் அனுமதி, இறுதி ரசீது ஆகியவை கைக்கு வந்த பிறகே கடைசிப் பணம்.

பேச்சு முறிந்தால் முதலில் பயனீட்டாளர் சங்கத்தின் சமரசம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை கோரலாம், இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் இணையத்திலேயே பதிய வேண்டும். 5,000 வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் அங்கே வாதாட முடியாது, நீங்களே பேசுவீர்கள். ஒப்பந்தம், ரசீது, விலை ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள், தேதியுள்ள படங்கள் இவைதான் அங்கே உங்கள் சாட்சி.

இன்னொரு காகித வேலை பாக்கி. வீவகக் கடன் எடுத்தவர்களுக்குக் கட்டாயமான தீக்காப்புறுதி, வீவக முதலில் கட்டிக்கொடுத்த கட்டமைப்பை மட்டுமே காக்கும். நீங்கள் செய்த அலமாரி, தரை, உள்ளே உள்ள பொருள்கள் அதில் அடங்காது. அதற்கு வீட்டு உள்ளடக்கக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். புதுப்பிப்புக்கு ஆன தொகையைக் காப்புத் தொகையில் குறிப்பிட்டு, இறுதி ரசீதின் நகலை அந்தப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.